இரட்டைச் சுழிக் குதிரை

நான் குதிரையைத் தொட்டது ஒரே ஒரு முறைதான். பள்ளிச் சுற்றுலாவில் மெரினாவுக்குப் போனபோது. கழுத்து வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தது. பயந்து கையை எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் குதிரைக்கு வேலை இல்லை. ஆவடியில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்தது டாங்கிதான். அப்பா டாங்கித் தொழிற்சாலையின் இஞ்சின் பிரிவில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் குதிரை என்றால் குதிரைத்திறன். அதற்கு உடம்பு கிடையாது.

அப்படிப்பட்ட நான் போன ஆனி மாதம் முழுக்கக் குதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நான் கட்டிக்கொள்ள நினைத்தவனுடைய அம்மா என்னைப் பெண் பார்க்க எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவதாக இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வர மாட்டார்கள். இந்த இரண்டும் தனித்தனி விஷயங்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவனும் நானும் பழகியது மின்சார ரயிலில். அவன் பட்டாபிராமில் ஏறுவான், நான் ஆவடியில். இரண்டு பேரும் அம்பத்தூரில் இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போக வேண்டும். அவனுக்கு ஒரு சி.என்.சி. பட்டறையில் வேலை. ஒரு கட்டத்தில் நான் பெண்கள் பெட்டியில் ஏறுவதை நிறுத்தினேன். அதிலிருந்துதான் எங்கள் கதை தொடங்குகிறது.

கல்யாணத்துக்கு இருந்த தடைகளை மனதுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தேன். முதலில் சாதி. அப்பா ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், அவன் ஓட்டுகிற மெஷின் எத்தனை ஆக்ஸிஸ் என்று கேட்டார். அதோடு அது முடிந்தது. அடுத்தது ஜாதகம். பட்டாபிராம் ஜோசியரும் ஆவடி ஜோசியரும் ஆச்சரியமாக ஒத்துப்போனார்கள். மிச்சம் இருந்தது என் தலை.

என் உச்சியில் இரண்டு சுழிகள். அதனால் வகிடு நேராக வராது. பாதி வழியில் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகும். ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். யாரும் நம்பிச் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள் ரயிலில் அவன் தன் அண்ணனைப் பற்றிப் பேசினான். அண்ணி சில வருஷங்களுக்கு முன்பே பிரிந்து போய்விட்டார்.

"அண்ணி ஊட்டை உட்டுப் போனாங்கோ இல்ல, அதுக்கு எங்கம்மா இன்னா சொல்லும் தெரியுமா? 'அவளுக்கு ரெட்டைச் சுழி, பொண்ணு பாக்கறப்பவே கவனிக்காம உட்டுட்டேன்'னு. தெருவுல யார் கேட்டாலும் அதான் பதிலு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"இன்னா, டல்லாயிட்டே?"

கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து காட்டினேன். "பாரு."

பார்த்தான். அன்னனூர் ஸ்டேஷன் வந்து, போயிற்று.

"எங்கம்மா கண்ணுல படாம பாத்துக்கோ," என்றான். "தாலி ஏறட்டும். அப்பால பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ரயிலில் காலியான இருக்கை இருந்தாலும் வாசல் பக்கம் போய் நிற்பேன். வீட்டில் அலமாரியை எடுத்துப் பிரித்து அடுக்குவேன். அடுக்கி முடித்ததும் வேறு மாதிரி அடுக்கியிருக்கலாமோ என்று தோன்றும்.

அலுவலகத்தில் குதிரைகள் காத்திருந்தன. நாங்கள் நூலகங்களுக்காகப் பழைய புத்தகங்களின் படங்களைச் சரிசெய்து தருகிறவர்கள். ஒரு பக்கம் ஸ்பிரிங் கம்பெனி, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி கம்பெனி, நடுவில் இரண்டாவது மாடியில் நாங்கள். புத்தகம் எங்களிடம் வராது. ஸ்கேன் செய்த கோப்புகள்தான் வரும். ஒரு குழு படத்திலுள்ள கறைகளை நீக்கும். நான் இருக்கும் குழு, படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு படிவத்தின் கட்டங்களை நிரப்பும். நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். ஆனால் கட்டங்களை நிரப்புவதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு.

இந்த முறை வந்தது ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பு: அரச குடும்பங்கள் குதிரை வளர்த்ததைப் பற்றிய படப் புத்தகங்கள், பல நாடுகளிலிருந்து. ஐரோப்பியப் புத்தகங்களில் குதிரை பக்கவாட்டில் நிற்கும், விற்பனைக்கு வைத்த மேஜைபோல. தலை சிறியதாக, மார்பு பெரியதாக. கீழே அப்பன் பெயர், ஆத்தாள் பெயர், எந்த ராஜாவின் லாயத்தில் பிறந்தது என்ற விவரம். ஒரு புத்தகத்தில் குதிரையே இல்லை. பக்கம் பக்கமாகச் சூட்டுக்கோல் முத்திரைகள் மட்டும். தொடையில் எந்த முத்திரை இருந்தால் எந்த வீட்டுக் குதிரை என்று தெரிந்துகொள்ள. பாரசீகப் புத்தகங்களில் வானம் தங்கத்தில் இருக்கும், குதிரை நீலமாகவோ ரோஜா நிறமாகவோ இருக்கும். நிறம் என்ற கட்டத்தில் ரோஜா என்று போட்டால் மென்பொருள் ஒத்துக்கொள்ளாது. குதிரைக்கு அனுமதிக்கப்பட்ட நிறங்களில் அது இல்லை. அதை அனுமதிக்க வைக்க மேலாளருக்கு இரண்டு மின்னஞ்சல் போட வேண்டியிருந்தது.

நம் பக்கத்து ராஜாக்களுக்குக் குதிரை வளர்க்க வரவில்லை. இதை வேலையோடு வேலையாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாம் கப்பலில் வந்து இறங்கியவை. இங்கே வெயில், ஈரம், தீனி எதுவும் அவற்றுக்கு ஒத்துவரவில்லை. சோறு வேகவைத்துப் போட்டார்கள் என்று அந்தக் காலத்து வெளிநாட்டுப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவே விடவில்லை என்றும் ஒரு பயணி எழுதினார். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்? வளர்க்க முடியாதவனுக்குத் தேர்ந்தெடுப்பதுதான் வித்தை. அதனால்தான் குதிரைக்கு லட்சணம் பார்க்கும் புத்தகங்களை இங்கே இவ்வளவு அக்கறையாக எழுதினார்கள் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

அப்படிப்பட்ட இரண்டு சுவடிகள் தொகுப்பில் இருந்தன. இரண்டின் முதல் பக்கத்திலும் ஒரே அரண்மனை முத்திரை. வாசகத்தை எளிய தமிழில் யாரோ பெயர்த்துக் கூடவே அனுப்பியிருந்தார்கள். முதல் படத்தைத் திறந்தேன். மஞ்சள் குதிரை. கழுத்தில் தேவமணி என்ற சுழி, இது உள்ள குதிரை போரில் எஜமானைக் காக்கும் என்றது வாசகம். படத்தில் கழுத்து மொழுமொழுவென்று இருந்தது. அடுத்த குதிரைக்கு மார்பில் சுழி என்று வாசகம். மார்பும் மொழுமொழு. இன்னும் சில படங்களைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்து, கறை நீக்கும் குழுவில் இருந்த தோழியின் மேஜைக்குப் போனேன். வியாசர்பாடிக்காரி, வாய் ஓயாது, கையும் ஓயாது.

"இந்தக் குதிரைங்க மேல ஏதாவது இருந்துச்சா?"

"குதிரை மேல இன்னா இருக்கும், மச்சி? பூச்சி அரிச்சது, ஈ எச்சம். வட்ட வட்டமா, கழுத்து, வயிறு, நெத்தி, எங்க பாத்தாலும். ஒண்ணு ஒண்ணா எடுத்தேன். கண்ணே பூத்துப்போச்சு."

"அது எச்சம் இல்ல. சுழி."

"இன்னா சுழி?"

"முடிச் சுழி. அதைப் பார்த்துதான் ராஜா குதிரை வாங்குவாரு. இந்தப் புத்தகம் எழுதினதே அதுக்குத்தான்."

அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப நான் எல்லாக் குதிரைக்கும் மொட்டை போட்டுட்டனா?"

பக்கத்து மேஜைகளில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். நல்ல வேளையாக மூலக் கோப்புகள் பத்திரமாக இருந்தன. அவற்றைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கைரேகை பதிந்ததுபோல, மெல்லிய மையில், ஒவ்வொரு குதிரையின் மேலும் சின்னச் சின்னச் சுருள்கள். வரைந்தவன் கண்ணுக்கும் குளம்புக்கும்கூட இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டான். அன்று மதியம் முழுக்க அவள் ஒவ்வொரு சுழியாகத் திரும்பக் கொண்டுவந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசகத்தோடு ஒப்பிட்டுச் சொன்னேன்.

அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தது. வெள்ளைக் குதிரை, நெற்றியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுழிகள். சூரியனும் சந்திரனும் போல என்றது வாசகம். இதை ராஜா தன் சொந்த வாசலில் கட்டலாம். பெட்டையாக இருந்தால் இதன் குட்டிகளை லாயத்திலேயே வைத்துக்கொள்ளலாம். நான் அதை இரண்டு முறை படித்தேன்.

"இன்னா மச்சி, மூஞ்சில லைட் எரியுது?" என்றாள் தோழி.

"ஒண்ணுமில்ல. அடுத்தது போ."

மறுநாள் இரண்டாவது சுவடி. அதிலும் நெற்றியில் இரட்டைச் சுழிக் குதிரை ஒன்று இருந்தது, இது செம்பழுப்பு. இது எஜமானை விட்டுப் போகும். வாங்கக் கூடாது. பெட்டையைக் குட்டிக்கு விடவே கூடாது, சுழி குட்டிக்கும் இறங்கும். அதே அரண்மனை, அதே முத்திரை. மேஜைக்குக் கீழே என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். மறுபடி ஆடியது.

அந்தத் தொகுப்பு எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வரப்போவது. அதனால் மேலாளரிடம் கேட்டு இரண்டு பக்கங்களையும் ஃபோனில் எடுத்துக்கொண்டேன். என் திட்டம் எளிமையானது. சுழியைப் பற்றிப் பேச்சு வந்தால் வெள்ளைக் குதிரையைக் காட்டுவது. மற்றதைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஒரு படத்தைக் காட்டுவது பொய் ஆகாது. குதிரையை அழகான பக்கமாகத் திருப்பி நிறுத்தி வரைவது பொய்யா என்ன?

அம்மாவின் திட்டம் வேறு. அம்மா திருநெல்வேலிப் பக்கம். ஆவடிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"ஏட்டி, நல்லாத் தூக்கிக் கட்டி உச்சியில பூவைச் சுத்தி வச்சுட்டா ஒண்ணும் தெரியாது. கால்ல மட்டும் விழுந்துராத. குனிஞ்சா பூ நகந்துரும். நின்ன மேனிக்கு ஒரு கும்பிடு போடு. மூட்டு வலின்னு நான் சொல்லிக்கிடுதேன்."

"இந்த வயசுல மூட்டு வலின்னா அதுக்கே வேண்டாம்னு போயிடுவாங்கம்மா."

அப்பா பேப்பரை மடித்தார். "எதுக்கு இவ்வளவு சிரமம்? பேசாம என் ஹெல்மெட்டை மாட்டி உக்கார வை."

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வந்தார்கள். அவனும் அவன் அம்மாவும் மட்டும். மூத்த மகன் இருக்கும்போது அவனை அழைத்துவராமல் இருப்பது வழக்கமில்லை. அப்பா கேட்டதற்கு, "பெரியவனுக்கு வேலை கீதுங்க," என்றார் அவன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

கறுத்த, உயரமான பெண்மணி. அவருடைய அம்மா காலத்தில் அந்தக் குடும்பம் பட்டாபிராமைச் சுற்றிக் கழனி வேலை பார்த்தது. அவர் ஒரு கம்பெனி கேன்டீனில் பல வருஷம் சமைத்தவர். எங்கள் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்து, காபியை ஒரே மடக்கில் குடித்தார். சொஜ்ஜியைத் தொடவில்லை. நான் டம்ளரை வாங்கியதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"எங்க ஊட்ல சத்தம் ஜாஸ்தி. தாங்குவியா கண்ணு?"

"எங்க ஆபீஸ்ல பக்கத்துல ஸ்பிரிங் கம்பெனிங்க."

சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்தது. அதுதான் நான் எதிர்பார்க்காதது. பூ தலையில் கனத்தது; கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்ததில் தோள்பட்டை இறுகியது. அவர் எழுந்து நின்றபோது அம்மா முந்திக்கொண்டார்.

"அவளுக்குக் கொஞ்சம் மூட்டு..."

நான் அவர் காலில் விழுந்துவிட்டேன். விழக்கூடாது, விழக்கூடாது என்று வாரம் முழுக்க நினைத்ததில் உடம்பு அதையே செய்தது. பூச்சரம் நழுவிக் காதோரம் தொங்கியது. தீர்க்காயுசா இரு என்று சொல்லிக்கொண்டே அவர் கை என் உச்சியில் இறங்கியது. நின்றது. ஒரு விரல் ஒரு சுழியைச் சுற்றி வந்தது. பிறகு அடுத்ததை.

"இன்னாம்மா இது? ரெட்டைச் சுழி கீது?"

நான் எழுந்து நின்றேன். அம்மா அடுக்களை வாசலைப் பார்த்தார்.

"ம்மா, அதெல்லாம் ஒரு விஷயமா," என்று அவன் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு நைனா. உனுக்குத் தெரியுமா இது?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியும்," என்றேன். "நான்தான் காட்டினேன். நீங்க பார்க்காம மறைச்சுக்கச் சொன்னாரு."

"நானுந்தாங்க சொன்னேன்," என்றார் அம்மா, சின்னக் குரலில்.

அவன் அம்மா மறுபடி உட்கார்ந்தார். இனி கிளம்பிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. ஃபோனை எடுத்து வெள்ளைக் குதிரையைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

"இது ராஜா வீட்டுக் குதிரைங்க. நெத்தியைப் பாருங்க."

தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "அட, இதுக்கும் ரெண்டு கீது."

"நல்லதுன்னு எழுதியிருக்காங்க. சூரியன், சந்திரன் மாதிரின்னு. ராஜா வாசல்லயே கட்டிக்கலாம்னு."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் நாள் முழுக்கக் கட்டங்களை நிரப்புகிறவள். தெரிந்த கட்டத்தைக் காலியாக விட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கையை நீட்டி அடுத்த படத்துக்குத் தள்ளினேன்.

"இது இன்னொரு புத்தகம். இதுல கெட்டதுன்னு போட்டிருக்கு. எஜமானை விட்டுப் போயிடும்னு."

"அது வேற ராஜாவா?"

"அதே அரண்மனைதாங்க. ரெண்டு புத்தகமும் அங்கதான் இருந்துச்சு."

"அப்ப ராஜா எத்த நம்பனாரு?"

"தெரியலைங்க. குதிரை பிடிச்சிருந்தா மொதல் புத்தகத்தை எடுத்திருப்பாரு. பிடிக்கலைன்னா ரெண்டாவது."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. செம்பழுப்புக் குதிரையின் நெற்றியை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப எங்க பெரிய மருமவ போனது சுழியால இல்லன்றே?"

"நான் அப்படிச் சொல்லலைங்க. அவங்களை எனக்குத் தெரியாது."

"எனுக்குத் தெரியும்." ஃபோனை மடியில் கவிழ்த்தார். "சுழி இல்லன்னா, அப்பால நான் யாரைச் சொல்றது?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வராத அந்த அண்ணன் அப்போதுதான் கூடத்துக்குள் வந்து நின்றதுபோல இருந்தது.

கிளம்பும்போது சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஊட்ல கலந்துக்கினு சொல்றோம் என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"அந்தக் குதிரைப் படத்த எனுக்கு அனுப்பு."

"எதுங்க?"

"ரெண்டும்தான்."

அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று ஃபோன் காட்டியது. பதில் இல்லை. திங்கள் முதல் நான் ரயிலில் மறுபடி பெண்கள் பெட்டியில் ஏறினேன். அவனைப் பார்த்தால் கேட்கத் தோன்றும், கேட்டால் அவன் ஏதாவது சொல்லித் தேற்றுவான். அம்மா அடுக்களையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தார். அலுவலகத்தில் குதிரைகளுக்கெல்லாம் சுழி திரும்பியிருந்தது. இரட்டைச் சுழிக்குக் குறிப்பு எழுதும் கட்டத்தில், இரண்டு நூல்களும் மாறுபடுகின்றன என்று போட்டேன். சரிபார்க்கிறவர், எது சரி என்று ஒன்றைப் போடுங்கள் என்று திருப்பி அனுப்பினார். மாற்றாமல் மறுபடி அனுப்பினேன்.

ஆடி பிறப்பதற்கு முந்தைய நாள் ஆவடி நடைமேடையில் நின்றிருந்தேன். பெண்கள் பெட்டி என் முன்னால் வந்து நின்றது. அடுத்த பெட்டியின் வாசலில் தொங்கிக்கொண்டு அவன் கையை ஆட்டினான். ஓடிப்போய் ஏறினேன்.

"அம்மா சரின்னுடுச்சு. ஆவணியில வெச்சுக்கலாம்னுது."

"அப்புறம் ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஊட்ல நிக்க முடியல. அன்னிக்கு உங்க ஊட்லருந்து வந்ததுலருந்து அண்ணனைத் திட்டிக்கினே கீது. சோறு போட்டாலும் திட்டுது, தண்ணி குடுத்தாலும் திட்டுது. நான் இன்னாம்மா பண்ணேன்னு அண்ணன் கேட்டா, உனுக்குத் தெரியாதாடான்னுது. நேத்து என்கிட்ட அண்ணி நம்பர் கேட்டு வாங்குச்சு."

"பேசினாங்களா?"

"எங்க? ஃபோனைக் கையில வெச்சுக்கினு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகினே கீது."

அதே நடையை ஒரு மாதமாக நான் நடந்திருக்கிறேன். அன்னனூரில் கூட்டம் ஏறி எங்களைக் கதவோரமாகத் தள்ளியது. எனக்கு ஒன்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டேன்.

"உங்க அண்ணனுக்கு எத்தனை சுழி?"

அவன் யோசிக்கவே இல்லை.

"ஒண்ணுதான். நட்ட நடு மண்டையில. ராசாவாட்டம் கீதுன்னு அம்மா சின்ன வயசுல தடவித் தடவிச் சொல்லும்."